கற்புக்குப் பின் களவு: ‘பர்ப்பிள் ஹார்ட்ஸ்’ எழுப்பும் வினாக்கள்

காதலும் போரும் தமிழ் இலக்கியத்தின் இரு பெரும் பொருள்கள். அகம் என்றும் புறம் என்றும் அவற்றைப் பிரித்து வகுத்த நம் முன்னோர், அவை ஒன்றையொன்று தொடும் இடங்களையும் மறவாது பாடிவைத்தனர். முல்லைப்பாட்டில் தலைவி இல்லத்தில் காத்திருக்கிறாள். தலைவனோ பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட களிறுகளையும் வீழ்ந்த வீரரையும் எண்ணிக் கிடக்கிறான். நெடுநல்வாடையில் வாடைக் காற்று வீசும் நள்ளிரவில் வேந்தன் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறி வருகிறான். அரசியோ அரண்மனைக் கட்டிலில் துயருறுகிறாள். போர் எங்கே நடந்தாலும் அதன் ஒரு முனை வீட்டுக்குள் வந்து முடிகிறது என்பதை இப்பாட்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

அந்தப் பழைய பொருளை இன்று பேரளவில் எடுத்தாள்வது திரைப்படமே. நூலகத்தில் நூல் எடுக்காத மாணவரும் கைப்பேசியில் படம் பார்க்கிறார். எனவே ஒரு தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத் திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவினால், பொருந்தும் என்பதே நம் விடை. இலக்கியத் திறனாய்வு என்பது ஏட்டுக்கு மட்டும் உரிய கலையன்று. மாணவர் எதைக் காண்கின்றனரோ அதை ஆராயக் கற்றுத் தருவதும் ஆசிரியர் கடனே.

நாம் எடுத்துக்கொண்ட படம் ‘பர்ப்பிள் ஹார்ட்ஸ்’. எலிசபெத் ஆலன் ரோசன்பாம் இயக்கத்தில் 2022 ஜூலை 29 அன்று நெட்ஃபிளிக்ஸ் வழியே வெளியானது. டெஸ் வேக்ஃபீல்டு எழுதி 2017இல் வெளிவந்த புதினத்தைத் தழுவியது. சோஃபியா கார்சன், நிக்கோலஸ் கலிட்ஸின் ஆகிய இருவரும் தலைமை வேடம் ஏற்றனர். வெளியான முதல் 28 நாள்களில் உலகெங்கும் 22 கோடி மணிநேரத்துக்கும் மேலாக இப்படம் பார்க்கப்பட்டது. இத்தனை கண்கள் கண்ட ஒன்றைக் ‘காதல் படம்தானே’ என ஒதுக்கிவிடுதல் தகாது.

கதையின் போக்கு

கேசி சலசார் இசைக்கனவு கொண்ட இளம்பெண். கலிபோர்னியாவின் கடற்கரை ஊரொன்றில் மதுக்கூடத்தில் பணிபுரிந்துகொண்டே பாடியும் வருகிறாள். புலம்பெயர்ந்து வந்த தாய்க்கு அவள் ஒரே துணை. முதல்வகை நீரிழிவு நோயினளாகிய அவளுக்கு இன்சுலின் இன்றி வாழ்வில்லை; அதை வாங்கவோ கையில் பொருளில்லை; காப்பீடும் கைகொடுக்கவில்லை. லூக் மாரோ அமெரிக்க மரைன் படைச் சிப்பாய். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவன். பழைய கடனுக்காக ஒரு கொடியவனால் துரத்தப்படுபவன். இராணுவக் காவற்பணியில் இருந்து ஓய்வு பெற்ற தந்தையின் அன்பை இழந்தவன்.

அமெரிக்கப் படையில் மணமான சிப்பாய்க்குக் கூடுதல் வீட்டுப்படியும், மனைவிக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. இதனை அறிந்த கேசி, தன் பால்ய நண்பனும் சிப்பாயுமான ஃபிராங்கியிடம் பெயரளவில் மணந்துகொள்ளுமாறு கேட்கிறாள். வேறொரு பெண்ணை மணக்க எண்ணியிருக்கும் அவன் மறுக்கிறான். முடிவில் அவளும் லூக்கும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே மணமுடிக்கின்றனர். அவளுக்கு மருந்து; அவனுக்குக் கடன் தீரப் பணம். இதுவே உடன்பாடு.

லூக் ஈராக்குக்கு அனுப்பப்படுகிறான். ஃபிராங்கி அங்கே உயிர்நீக்கிறான். லூக் காலில் கடுங்காயத்துடன் திரும்புகிறான். நோயுற்ற கணவனைப் பேணும் மனைவியாக ஊரார் முன் நடிக்க வேண்டிய கேசி, நடிப்பின் நடுவே மெய்யாகவே மனைவியாகிவிடுகிறாள். பின்னர் பொய்மணம் வெளிப்படுகிறது. இராணுவ நீதிமன்றத்தில் லூக் முழுப்பழியையும் தன்மேல் ஏற்று ஆறு மாதச் சிறையும் பணிநீக்கமும் பெறுகிறான். காதல் உறுதிப்படுகிறது, கதை இனிதே முடிகிறது.

தலைப்புக்கு இரு பொருள் உண்டு. போரில் காயமுற்ற அல்லது உயிர்நீத்த அமெரிக்க வீரர்க்கு அளிக்கப்படும் விருது ‘பர்ப்பிள் ஹார்ட்’. 1782இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய பதக்கத்தின் வழித்தோன்றலாக 1932இல் புதுப்பிக்கப்பட்டது அது. மற்றொன்று, அந்நாட்டு அரசியலில் ஒரு கட்சியின் நிறம் சிவப்பு, மற்றதன் நிறம் நீலம். இரண்டும் கலந்தால் ஊதா. எதிரெதிர்க் கொள்கையுடைய இருவர் அன்பால் ஒன்றுபடுதலே தம் கருத்து என்று இயக்குநரும் விளக்கியுள்ளார்.

வரிசை மாறிய அகம்

தமிழ் மரபு அறிந்தோர்க்கு இக்கதையில் முதலில் புலப்படுவது ஒரு வரிசை மாற்றம். நம் அகப்பொருள் இலக்கணத்தில் களவு முன்னது, கற்பு பின்னது. பிறர் அறியா உறவு முதலில். ஊரறிந்த மணம் அதன்பின். இப்படத்திலோ ஊரறிந்த மணம் முதலில் நிகழ்கிறது. உள்ளத்து உறவு பின்னர் அரும்புகிறது. அதுவும் யாரிடம் மறைக்கப்படுகிறது? ஊரிடம் அன்று, இருவரும் தமக்குத் தாமே அதை மறைத்துக்கொள்கின்றனர். கணவன் மனைவி எனக் கையொப்பமிட்டவர்கள், காதலை ஒப்புக்கொள்ள நாணி நிற்கின்றனர். கற்புக்குப் பின் களவு என்று இதனைச் சொல்லலாம்.

இந்த மாற்றமே படத்தின் சுவை. பொய்யாகக் கோத்த விரல்கள் என்று மெய்யாகக் கோத்தன என்பதைக் காண்பவர் தேடிக்கொண்டே இருக்கிறார். உடல் நலிந்தவனுக்கு அவள் செய்யும் பணிவிடை, தாழ்சர்க்கரையால் அவள் தளரும்போது அவன் கொள்ளும் பதற்றம் ஆகியவற்றில் அன்பு சொல்லின்றி வெளிப்படுகிறது. நோயும் ஊனமும் காதலுக்குத் தடை என்னாமல், அவற்றின் வழியே அன்பு வளர்வதாகக் காட்டியதைப் பாராட்டாதிருக்க இயலாது.

ஒப்பந்தம் இழிவானதா?

‘ஒப்பந்தக் கல்யாணம்’ என்ற சொற்றொடரை நம் மேடைகளிலும் இதழ்களிலும் இகழ்ச்சிப் பொருளில் வழங்குகின்றனர். இதனை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். இஸ்லாமிய நெறியில் திருமணம் என்பதே ஓர் ஒப்பந்தம்தான். இருவர் இசைவு, சாட்சிகள், மணமகன் மணமகளுக்கு உரிமையாக அளிக்கும் மஹர் ஆகியவை அதன் கூறுகள். ஒப்பந்தம் என்பதால் அன்பு குறைந்துவிடுவதில்லை. வாய்ச்சொல்லுக்குப் பொறுப்பேற்கச் செய்வதால் அன்புக்கு அது அரணாகிறது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பி வாழ்வைத் தொடங்குவதே ஒப்பந்தத்தின் உயிர்.

தொல்காப்பியரும் இதையே வேறு வகையில் உணர்த்துகிறார். பொய்யும் வழுவும் உலகில் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது அவர் கூற்று. கைவிட்டுப் போவோர் பொய்யைத் தடுக்க வந்தது கரணம். இப்படத்திலோ பொய்யைத் தடுக்க வந்த சடங்கே பொய்யின் கருவியாகிவிடுகிறது. ஆயினும் நுணுகி நோக்கின், கேசியும் லூக்கும் ஒருவருக்கொருவர் பொய்யுரைக்கவில்லை என்பதை அறியலாம். தம் தேவை இன்னது என இருவரும் வெளிப்படையாகப் பேசியே உடன்படுகின்றனர். அவர்கள் பொய்யுரைத்தது தம்மை ஊதியப் பட்டியலில் எழுதிய அரசிடம். இவ்வேறுபாடு சிறிதன்று. கணவனோ மனைவியோ ஏமாற்றப்படும் மணங்கள் நம்மிடையே எத்தனை! சீர்வரிசைக்காகவும், வெளிநாட்டு வேலையைக் காட்டியும் நடக்கும் மணங்களில் ஏமாற்றம் வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறதே! அவற்றைப் ‘பெரியோர் நிச்சயித்த மணம்’ என மதித்துவிட்டு, கேசியை மட்டும் பழிப்பது நடுநிலை ஆகாது.

எனினும் பொய்ச் சான்று பொய்ச் சான்றே. அரசை ஏமாற்றிப் பெற்ற படித்தொகை பொதுமக்கள் வரிப்பணம். படமும் இதை மறைக்கவில்லை. லூக் தண்டனையை ஏற்கிறான். குற்றம் செய்தவன் அதற்குரிய விலையைக் கொடுத்த பின்னரே காதல் நிறைவுறுகிறது என்பது ஒழுங்கான முடிவே.

மருந்தின் விலை

நம் சினம் வேறிடத்துக்குச் செல்ல வேண்டும். ஓர் இளம்பெண் உயிர்மருந்துக்காக அன்னியன் ஒருவனை மணக்க வேண்டிய நிலையை ஏற்படுத்தியது எது?

இன்சுலின் கண்டறியப்பட்டது 1921இல், கனடாவின் டொராண்டோ நகரில். ஃபிரெடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் அப்பணியில் முன்னின்றனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் முதல்வகை நீரிழிவு என்பது சாவோலையே. உணவைக் குறைத்துப் பட்டினி கிடத்தி நாள்களைச் சற்றே நீட்டுவதன்றி மருத்துவரிடம் வழியில்லை. அத்தகைய மருந்தின் காப்புரிமையை, கண்டறிந்தோர் தலைக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு 1923இல் டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். உலகத்துக்கு உரியது உலகத்திடமே சேரட்டும் என்ற பெருந்தன்மை அது.

நூறாண்டு கழிந்து நிகழ்ந்தது என்ன? 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 21 டாலருக்கு விற்ற ஒரு குப்பி இன்சுலின், இருபதாண்டுகளில் 270 டாலரைத் தாண்டியது. மருந்தைப் பங்கிட்டுக் குறைத்துப் போட்டு உயிரிழந்தோர் செய்தி அந்நாட்டு ஏடுகளில் வந்தது. இப்படம் வெளியான மறுமாதம், 2022 ஆகஸ்ட்டில், முதியோர்க்கான அரசுக் காப்பீட்டில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என உச்சவரம்பு வைக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. 2023இல் பெரும் மருந்து நிறுவனங்களும் விலையைக் குறைப்பதாக அறிவித்தன. ஆயினும் அச்சட்டம் முதியோர்க்கானது. கேசியைப் போன்ற இளையோர்க்கு அது நேரே உதவுவதன்று.

ஒரு டாலருக்குக் கொடுத்த கொடை, ஒரு திருமணத்தின் விலையாக வளர்ந்த கதை இது. படத்தைக் கண்டு கண்ணீர் விடுவோர் இவ்விடத்தில் சினமும் கொள்ள வேண்டும். ஆனால் படமோ அச்சினத்தை வளர விடவில்லை. மருந்துக் கடையில் நின்று வெகுளும் கேசி, இராணுவக் காப்பீடு கிடைத்ததும் அமைதியடைகிறாள். படையில் சேர்ந்தால் மருந்து, வீடு, மதிப்பு யாவும் வரும். சேராதோர் நிலை என்ன என்று படம் மீண்டும் கேட்கவில்லை. ஏழை இளைஞர் படைக்குப் போவது வீரத்தால் மட்டுமன்று, வேறு வழியின்மையாலும்தான் என்ற உண்மை, கதையின் அடித்தளமாக இருந்தும், கதையின் குரலாக ஒலிக்கவில்லை.

பழைய வழக்கம், மாறிய பார்வை

போர்க்காலத் தேவை மணங்கள் புதியன அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி, சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர் கிடைத்தது. 22 டாலர் அவன் ஊதியத்திலிருந்து. 28 டாலர் அரசிடமிருந்து. இத்தொகைக்காகச் சிப்பாய்கள் பலரை ஒருத்தியே மணந்த நிகழ்ச்சிகள் வெளிவந்து பெருஞ்செய்தியாயின. 1945இல் ‘அலாட்மென்ட் வைவ்ஸ்’ என்னும் படமே எடுக்கப்பட்டது. அதில் அத்தகைய பெண்கள் குற்றவாளிகள்.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகள் எரிக்கா மன், நாட்சிகளை எள்ளி நாடகம் நடத்தியமையால் தாய்நாட்டில் வாழ முடியாமல் வெளியேறினார். குடியுரிமை பறிபோகும் நிலை. ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் முன்பின் பழக்கமில்லாத அப்பெண்மணியை 1935 ஜூன் 15 அன்று மணந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைக்கச் செய்தார். இருவரும் இல்லறம் நடத்தவில்லை. ஆயினும் 1969இல் எரிக்கா மறையும்வரை அந்த மணம் முறிக்கப்படவுமில்லை. அதனைப் பொய்மணம் என்போமா? ஓருயிரைக் காத்த மணம் என்பதே தகும்.

1945இல் குற்றவாளியாகக் காட்டப்பட்டவள் 2022இல் கதைத்தலைவியாக உயர்ந்தாள். சமூகத்தின் பார்வை மாறியுள்ளது. பெண்ணின் செயலை மட்டும் காணாமல் அவளை அங்கே தள்ளிய காரணத்தையும் காண முற்படுவது வளர்ச்சியே. ஆனால் அதே கருணை எல்லார்மேலும் விழுந்ததா? இங்கேதான் நம் மனம் நெருடுகிறது.

முகமற்ற மக்கள்

மணநாளை ஒட்டி நண்பர் கூடிய விருந்து ஒன்று படத்தில் வருகிறது. படைவீரன் ஒருவன் கோப்பையை உயர்த்தி, அரபியரை வேட்டையாடச் செல்வதற்காக வாழ்த்துக் கூறுகிறான். கேசி வெகுண்டு எழுந்து கண்டிக்கிறாள். மணமகனோ நண்பனுக்காக வாதாடுகிறான். சற்று நேரச் சச்சரவுக்குப் பின் அடங்கிவிடுகிறாள் அவள். கதை தன் வழியே செல்கிறது. சொன்னவன் திருந்தியதாகவோ, லூக் வருந்தியதாகவோ பின்னர் ஒரு காட்சியும் இல்லை.

இக்காட்சி வெளியான நாள்முதலே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தம் பாத்திரங்கள் தொடக்கத்தில் குறையுடையோர். அன்பால் அவர்கள் வளர்வதைக் காட்டவே அக்குறைகளை வைத்தோம் என்பது இயக்குநர் தரப்பு விடை. இவ்விடையை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. குறையுடைய மாந்தரைப் படைத்தல் கலையின் உரிமை. தீயவன் வாயில் தீச்சொல் வருவதால் படைப்பாளர் தீயவராகிவிடார். கம்பர் காப்பியத்தில் கூனியும் பேசத்தான் செய்கிறாள்.

ஆனால் வளர்ச்சியைக் காட்டவே குறை வைக்கப்பட்டது எனின், வளர்ச்சி எங்கே? லூக் கேசியிடம் அன்பு கொள்ளக் கற்றான், தந்தையோடு உறவைச் சீர்செய்தான், கடனைத் தீர்த்தான், குற்றத்தை ஏற்றான். இவை யாவும் வளர்ச்சியே. யாரை வேட்டையாடச் செல்வதாக வாழ்த்தினார்களோ, அம்மக்களைப் பற்றி அவன் ஒரு சொல்லேனும் புதிதாகக் கற்றானா? ஈராக்கில் அவன் நின்ற தெருவில் வாழ்ந்தோர் யார்? அவன் காலைச் சிதைத்த வெடி அத்தெருவாசிகளில் எத்தனை பேரைச் சிதைத்தது? படம் சொல்லவில்லை. ஈராக் என்பது அங்கே ஒரு நிலம். மணலும் வெயிலும் வெடியும் நிறைந்த வெறும் நிலம். ஊதா நிறத்தில் கலந்த இரு வண்ணங்களும் ஒரே நாட்டின் வண்ணங்கள். மூன்றாவது ஒரு வண்ணம் உலகில் உண்டென்பதே படத்துக்குத் தோன்றவில்லை.

2003 மார்ச்சில் தொடங்கிய அந்தப் போரிலும் அதன் பின்விளைவுகளிலும் பதிவு செய்யப்பட்ட அளவிலேயே ஈராக்கியப் பொதுமக்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வன்முறைக்குப் பலியாயினர். அமெரிக்க வீரர் ஏறத்தாழ 4,500 பேர் உயிரிழந்தனர். ஃபிராங்கிக்காக நாம் அழுகிறோம், அழ வேண்டியதே. அவனுக்கும் தாய் உண்டு; மணக்க எண்ணிய பெண் உண்டு. ஆனால் அந்த 2 லட்சம் பேரில் புதுமணம் புரிந்தோர் இல்லையா? மருந்துக்கு வழியின்றி நின்ற நீரிழிவு நோயாளி பாக்தாதில் இல்லையா? போர்க்காலக் காதல் என்ற தலைப்புக்கு அவர்களும் உரியவர்களே.

நம் புறத்திணை மரபு இவ்விடத்தில் நமக்கு அளவுகோலாகிறது. வென்றோர் புகழைப் பாடிய புறநானூறு, தோற்றோர் குரலையும் தொகுத்து வைத்தது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் கையறுநிலை 112ஆம் பாட்டாக அதில் நிற்கிறது. அங்கே வென்ற வேந்தரின் பெயர்கள்கூட இல்லை. இழந்த பெண்களின் துயர் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் இயன்ற இந்தப் பெருந்தன்மை, 2022இல் வெளிவந்த படத்துக்கு இயலாமற்போனது ஏன்?

நம் மாணவர் பலர்க்கு ‘அரபி’ என்ற சொல் கதைப் புத்தகச் சொல் அன்று. வளைகுடா நாடுகளில் உழைத்து வீடு காத்த தந்தையரும் அண்ணன்மாரும் அவர்களுக்கு உண்டு. அரபியர் கடையில் கணக்கெழுதியவர், அவர்தம் வீட்டில் வண்டி ஓட்டியவர், அவர்களால் நன்மையும் சில வேளை துன்பமும் அடைந்தவர் நம் தெருக்களில் உள்ளனர். அரபியர் நல்லவரும் அல்லவரும் கலந்த மனிதரே என்பதை அவர்கள் நன்கறிவர். அத்தகைய இல்லத்துப் பிள்ளை ஒருவர் இப்படத்தைக் கண்டு, அவ்விருந்துக் காட்சியில் ஒரு கணம் நெஞ்சு சுருங்கி, மறுகணம் பாட்டில் மயங்கி அதை மறந்துவிடுகிறார் எனின், அந்த மறதியே கவலைக்குரியது.

மறுமுனையிலிருந்து ஒரு படம்

குறை கூறுதல் எளிது. வேறு வழி உண்டா எனக் கேட்போர்க்கு ‘தீபன்’ என்னும் படத்தைக் காட்டலாம். பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் எடுத்த இப்படம் 2015இல் கான் திரைப்பட விழாவின் தலையாய விருதாகிய தங்கப்பனை விருதைப் பெற்றது. அதன் உரையாடல் பெரும்பாலும் தமிழ். தலைமை வேடம் ஏற்றவர் ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் ஈழத்துப் படைப்பாளர் அந்தோணிதாசன் யேசுதாசன். உடன் நடித்தவர் காளீஸ்வரி சீனிவாசன்.

அங்கும் பொய்மணமே கதை. இலங்கைப் போரில் தோற்ற போராளி ஒருவர். முன்பின் அறியாத ஒரு பெண். முகாமில் தேடிப் பிடித்த தாயற்ற சிறுமி. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு, கணவன் மனைவி மகள் என்ற பெயரில் மூவரும் பிரான்சுக்குச் செல்கின்றனர். கேசிக்கு மருந்து வேண்டியிருந்தது. யாழினிக்கு உயிர் வேண்டியிருந்தது. லூக் போருக்குப் போகிறான். தீபன் போரிலிருந்து ஓடி வருகிறார். ஒரே கதையின் இரு முனைகள் இவை.

தீபனிலும் குறைகள் உண்டு. பாரிசின் புறநகர்க் குடியிருப்பை மற்றொரு போர்க்களமாகவே காட்டியதும், இறுதியில் துப்பாக்கியே தீர்வாக வந்ததும் விவாதத்துக்கு உரியன. ஆனால் அங்கே அன்பு வளரும் விதம் கூர்ந்து காணத்தக்கது. பள்ளிக்குச் செல்ல அஞ்சும் சிறுமிக்கு, தாய்போல் நடிக்கும் பெண்ணால் தாயாக முடியவில்லை. முயன்று முயன்று சிறிது சிறிதாக ஆகிறாள். அன்பு அங்கே பாட்டாக வரவில்லை. உலையாகவும், கூலியாகவும், மொழி புரியாத பொழுதில் ஒருவர்க்கொருவர் துணையாகவும் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைநாட்டார் கண்ணுக்கு வெறும் அகதியாகத் தெரிந்திருக்கக்கூடிய மூவர்க்கும் அங்கே முகம் இருக்கிறது. சினமும் நகையும் இருக்கின்றன.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஒன்று புலனாகிறது. தேவைக்காகச் செய்த மணம் மெய்யாக மாறுவதற்குப் பொதுவான காரணம், ஒருவர் மற்றவரின் துன்பத்தை அருகிருந்து கண்டதே. கண்டால் அன்பு பிறக்கிறது. காணாவிடின் வேட்டைப் பேச்சு பிறக்கிறது. லூக்கின் நண்பன் கோப்பையை உயர்த்தியதும் காணாமையால்தான். ‘பர்ப்பிள் ஹார்ட்ஸ்’ தன் காதலர் இருவருக்கும் ஒருவரையொருவர் காணும் கண்களைத் தந்தது. அக்கண்களைப் போர் நடந்த நாட்டின் பக்கம் திருப்ப மட்டும் மறுத்தது. அன்பைப் பற்றி எடுத்த படத்தில் அன்புக்கு எல்லைக்கோடு இட்டதே அதன் பெருங்குறை என்பது நம் துணிபு.

நாம் செய்யத்தக்கது

சமூகப் பெரியோர் சிலர், இத்தகைய படங்களைப் பிள்ளைகள் காணாதிருப்பதே நலம் என்பர். அவர்தம் அக்கறையை மதிக்கிறோம். ஆனால் கைப்பேசி கைக்கு வந்துவிட்ட நாளில் கதவடைத்தல் காப்பாகாது. தனியே கண்டு தனியே மயங்குவதைவிட, கண்டதைப் பெரியோர் முன் பேசி ஆராயும் துணிவே காப்பு. ஒரு படத்தைப் பற்றி வீட்டில் தந்தையிடம் பேச முடிகின்ற பிள்ளை, அப்படத்தின் நஞ்சை எளிதில் உண்ணாது.

ஆசிரியப் பெருமக்கட்கு ஒரு வேண்டுகோள். அகப்பொருள் பாடம் நடத்துகையில் களவு, கற்பு, பாசறைப் பிரிவு ஆகியவற்றைத் தேர்வுக்குரிய வகைப்பாடாக மட்டும் நிறுத்திவிட வேண்டாம். மாணவர் கண்ட படமொன்றை எடுத்துக்கொண்டு, இதில் முதற்பொருள் எது, கருப்பொருள் எது, யார் கூற்று இருக்கிறது, யார் கூற்று விடுபட்டது எனக் கேட்டுப் பாருங்கள். யார் கூற்று விடுபட்டது என்னும் அந்த இறுதி வினா, எந்தப் படத்தையும் எந்தச் செய்தியையும் சோதிக்கும் உரைகல்லாக அவர்க்கு வாழ்நாள் முழுதும் பயன்படும்.

மாணவச் செல்வங்களுக்குச் சொல்வது இதுவே. இப்படத்தைக் கண்டு நெகிழ்ந்தீர்கள் எனின் வெட்க வேண்டுவதில்லை. நெகிழ்ச்சி நல்ல உள்ளத்தின் அடையாளம். அந்நெகிழ்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கேசிக்கு இரங்கிய மனம், மருந்தின் விலையை உயர்த்தியது யார் எனக் கேட்கட்டும். ஃபிராங்கிக்கு அழுத கண், அவன் சென்ற ஊரில் இறந்தோர்க்கும் அழட்டும். நாளை உங்களுள் சிலர் கதை எழுதுவீர். சிலர் படம் எடுப்பீர். அப்போது போரின் மறுமுனையில் நிற்பவர்க்கும் ஒரு பெயரும், ஒரு வீடும், காத்திருக்கும் ஒருவரும் உண்டென்பதை உங்கள் எழுத்து மறவாதிருக்க வேண்டும் என்பதே நம் அவா.